வாய் கோணிய மாதம்

அன்று காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது உதட்டோரமாக வழிந்து மார்பை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடியும் கொப்பளித்தேன். மறுபடியும் வழிந்தது. துப்பினால் எச்சில் தரையில் விழாமல் தாடையில் விழுந்தது. விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தொடுவது தெரிந்தது. ஆனால் கன்னம் யாருடைய சதையோ போலத் தொங்கியது.

எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருந்தோம். மனைவியும் மகளும் பொட்டு வைத்துக்கொள்ள அதைப் பார்ப்பார்கள். நான் அதன் எதிரில் நின்றதே இல்லை என்று சொல்லலாம். அன்று போய் நின்றேன். பாதி முகம் என்னுடையது. மறுபாதி இறங்கிப் போயிருந்தது. வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. இடது கண்ணை மூடப் பார்த்தேன், மூடவில்லை. இரவெல்லாம் அந்தக் கண் திறந்தே கிடந்திருக்க வேண்டும். சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

அப்போது எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. மார்கழி மாதம். ராயபுரத்தில் கடற்கரை ரோட்டுக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் ஓட்டு வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். துறைமுகத்தில் கரிக் கப்பல் வந்தால் எனக்கு வேலை. கல்கத்தாவிலிருந்து வரும் கரியைக் கரையில் குவித்துவிடுவார்கள். நான் மண்வாரியால் அதை வாரிக் கூடையில் போடுவேன். பெண்கள் சுமந்து போவார்கள். கூடை நிறைந்ததும் அடுத்த கூடை தானாக வந்து நிற்கும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதற்காகவே அந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

கூச்சம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். பாடம் தெரியும், எழுந்து நின்று படி என்றால் குரல் வராது. வாத்தியார் நான் மக்கு என்று முடிவு செய்துவிட்டார். கல்யாணம் ஆன பிறகு எனக்குப் பதிலாகப் பேசும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். கடைக்காரனிடம், வீட்டுக்காரரிடம், சொந்தக்காரர்களிடம் எல்லாம் அவள்தான். நான் கூட்டத்தின் பின்னால் உட்காருவேன். என்னை யாரும் உற்றுப் பார்க்காமல் இருந்தால் அந்த நாள் நல்ல நாள்.

அப்படிப்பட்டவனுக்கு வேறு எங்கும் வராமல் முகத்தில் வந்தது.

வீட்டில் இருவரும் குழாயடிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் துண்டை எடுத்து மூக்கிலிருந்து மோவாய் வரை கட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுவிட்டேன். கரி வாருகிற இடத்தில் எல்லோரும் அப்படித்தான் துண்டு கட்டிக்கொள்வோம். கட்டாவிட்டால் தூசி தொண்டையை அடைக்கும். எல்லோருக்கும் கண் சிவந்திருக்கும், எல்லோர் முகமும் கறுப்பாக இருக்கும். அன்று முழுக்க நான் வேலை செய்தேன், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூடாத கண்ணில் தூசி விழுந்து ஊசி போலக் குத்தியது. அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தப்பித்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் மற்றவர்கள் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். நான் அவிழ்க்காமல் சுவரோரமாக வீட்டுக்கு நடந்தேன்.

சோறு போட்டபோது என் மனைவி பார்த்துவிட்டாள். குழம்பு உதட்டோரத்தில் வழிந்து தட்டிலேயே விழுந்தது. அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு விளக்கை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னாது இது? எப்போலேருந்து?" என்றாள்.

"காலைல."

"காலைலேருந்தா? சொல்லாம வேலைக்குப் போய்க்கீற?"

நான் விளக்கைத் தள்ளி வைத்தேன். மகள் அடுப்பண்டையில் இருந்தாள். அவள் காதில் விழ வேண்டாம் என்று கை காட்டினேன். மறுநாளே டாக்டரிடம் போகச் சொன்னாள் மனைவி. எங்கள் பக்கத்து தர்ம ஆஸ்பத்திரியில் ரோட்டைப் பார்த்தபடி பெஞ்சு போட்டிருப்பார்கள். நோயாளிகள் அதில் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். டிராமில் போகிறவர்கள்கூடப் பார்த்துக்கொண்டு போவார்கள். மாட்டேன் என்றேன். அவள் அழுதாள், திட்டினாள். மாட்டேன் என்றால் மாட்டேன் என்று இருந்தேன். வாழ்க்கையில் நான் பிடிவாதம் பிடித்த விஷயங்கள் குறைவு. அதில் இதுவும் ஒன்றாகப் போனது.

டாக்டர் இல்லையென்றானதும் அவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினாள். வாதத்துக்குப் புறா ரத்தம் பூசுவது எங்கள் ஜனங்களிடம் வழக்கம். எங்கேயோ சொல்லி ஒரு புறாவைக் கொண்டுவந்தாள். அறுத்து, சூடாக இருக்கும்போதே ரத்தத்தை என் இடது கன்னத்தில் தேய்த்து, அதன்மேல் துண்டைக் கட்டிவிட்டாள். ரத்தம் காய்ந்து முகத்தை இழுத்தது. வேலைக்குப் போகும்போதும் அதே துண்டுதான். சாயங்காலம் அவிழ்த்தால் கரியும் காய்ந்த ரத்தமுமாக அடை அடையாக உதிரும். அவள் அதைக் குழாயடியில் துவைப்பாள். மறுநாள் வேறொரு புறா.

இந்த நேரத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் முடிந்திருந்தது. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. மாப்பிள்ளை திருவொற்றியூரில் தீக்குச்சித் தொழிற்சாலையில் வேலை செய்பவன். நல்ல பையன், குடி கிடையாது. பொங்கல் கழிந்து தை மாதத்தில் பரிசம் போடுவது என்று பேசி முடித்திருந்தோம்.

எங்கள் பரிசத்தில் ஒரு வழக்கம். பெண்ணின் தகப்பன் சபை நடுவில் எழுந்து நின்று, வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு உங்களுது, பரிசம் எங்களுது" என்று மூன்று தடவை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பன் அதைத் திருப்பிச் சொல்லித் தட்டை வாங்கிக்கொள்வார். அதோடு பெண் அந்த வீட்டுப் பெண். கல்யாணம்கூட அதற்கப்புறம்தான். மகள் பிறந்த நாளிலிருந்தே அந்த மூன்று தடவையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். சிரிப்பீர்கள். ஆனால் அது உண்மை. இப்போது உதடு ஒட்டவில்லை. 'பொண்ணு' என்று சொல்லப் போனால் காற்றுதான் வந்தது. யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்த்தேன். எச்சில் தெறித்தது.

என் மைத்துனனை நிறுத்திச் சொல்லச் சொல்லலாமே என்று மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்பன் செத்துப்போன பொண்ணுக்குத்தான் மாமன் நின்னு சொல்லுவான். நீ செத்தா பூட்ட?"

அவள் மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்து நீ சொல்லு இத்த," என்றாள்.

மகளின் முகத்தைத்தான் நான் பார்ப்பதே இல்லை. நோய் வந்த நாளிலிருந்து அவளுக்கு முதுகு காட்டியே இருந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் உள்ளே வந்தால் வெளியே போனேன். அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள், வாதம் என்று. ஆனாலும் நான் அவளுக்குக் காட்டவில்லை. வாய் ஒழுகும் தகப்பனை அவள் பார்க்கக் கூடாது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வேறு விதமாக எண்ணிக்கொண்டாள். ஒருநாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நைனா, எம்மேல இன்னா கோவம் உனக்கு? இந்த எடம் புடிக்கலியா? புடிக்கலன்னா சொல்லிடு. வேணாம்னு சொல்லிடலாம்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. துண்டை இறுக்கிக்கொண்டு அவள் கைக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டேன். அதை இப்போது எழுதும்போது கை நின்று போகிறது. அவளுக்குப் பிடித்த மாப்பிள்ளை அவன். அதையே வேண்டாம் என்று சொல்லத் தயாராக அவள் நின்றாள், நான் குனிந்துகொண்டு போனேன்.

பொங்கல் நெருங்கும் சமயத்தில் என் மனைவி காலிக் குடத்தோடு குழாயடியிலிருந்து திரும்பி வந்தாள். குடத்தை வைத்த சத்தத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அவள் குடத்தை வரிசையிலிருந்து யாரோ காலால் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அவள் தொட்ட குழாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவள் பிடித்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, உன் புருஷன் ஏன் வீதியில்கூட மூஞ்சியை மூடிக்கொண்டு போகிறான், துண்டில் வருகிற ரத்தமும் சீழும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

குஷ்டம், பெருவியாதி என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அந்த நோய்க்காரர்களுக்கான ஆஸ்பத்திரி முன்பு எங்கள் ராயபுரத்திலேயே இருந்தது. பிறகுதான் செங்கல்பட்டுப் பக்கம் கொண்டு போனார்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சுவரோரமாக நடப்பவர்களைப் பார்த்தே வளர்ந்த ஜனங்கள் நாங்கள். என்னைப் பார்த்து வேறு என்ன நினைப்பார்கள்? நானே வேறொருவனை அப்படிப் பார்த்தால் அப்படித்தான் நினைத்து ஒதுங்கியிருப்பேன்.

புறா ரத்தம் என்று சொல்லிவிடு என்றேன் மனைவியிடம்.

"சொல்லாம வருவனா? மெய்யாலுமே புறா ரத்தம்னா மூஞ்சிய தொறந்து காட்டச் சொல்லுன்றாளுங்க. வா, வந்து காட்டு. ஒரு நிமிசம்."

நான் போகவில்லை.

இதுதான் எனக்குத் தீராத வெட்கம். நோய் வந்ததற்கு நான் பொறுப்பில்லை. மூடிக்கொண்டதைக்கூட முதலில் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெரிந்த பிறகு? மறுநாள் காலையும் அதே துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரமாகத்தான் நடந்தேன். என் மனைவி விடிவதற்கு முன்னே எழுந்து தூரத்துத் தெருக் குழாய்க்குப் போய்த் தண்ணீர் சுமந்தாள். அந்தத் தண்ணீரில்தான் நான் கரி போகக் குளித்தேன்.

பேச்சு திருவொற்றியூருக்குப் போய்ச் சேர எத்தனை நேரமாகும்? பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், மாப்பிள்ளையின் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அவள் மூத்தவள். எண்ணூர் உப்பளத்தில் உப்பு வாரியே மூன்று தம்பிகளைக் கரையேற்றியவள் என்று சொல்வார்கள். அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் முடிவு. துணைக்கு எங்கள் ஜாதிப் பெரியதனக்காரரையும் அழைத்து வந்திருந்தாள். பரிசத்துக்கு அவர்தான் சாட்சி. முறிப்பதானாலும் அவர்தான் சாட்சி.

மனைவி பாயை விரித்து, செம்பில் தண்ணீர் கொண்டு போனாள். அத்தை வாசலிலேயே நின்றாள். தண்ணீரைத் தொடவில்லை.

"தண்ணி அப்பால பாக்கலாம். மொதல்ல சம்மந்திய வெளில வரச் சொல்லு," என்றாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். துண்டைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அதற்குள் வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். குழாயடிப் பெண்கள் முன்னால் நின்றார்கள்.

அத்தை சத்தம் போடவில்லை. "சம்மந்தி, எனக்கு சுத்தி வளைச்சுப் பேச வராது. உனக்குப் பெருவியாதி வந்துகீதுன்னு எங்க தெருவுல பேசிக்கிறாங்க. எங்க வூட்டுப் புள்ளைக்கு நாங்க கேக்கணும் இல்ல? மெய்யா, பொய்யா?"

மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். "நீ இரும்மே. அவருக்கு வாயி இல்லியா?" என்றாள் அத்தை.

"வாயி கீது. துண்டுக்குள்ள கீது," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். பெரியதனக்காரர் துண்டை எடுக்கச் சொன்னார். நான் முடிச்சைத் தேடினேன். கரி ஏறி இறுகியிருந்தது, அவிழவில்லை. என் மனைவிதான் பின்னால் வந்து அவிழ்த்தாள்.

தெருவெல்லாம் என் முகத்தைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து நான் பயந்த காட்சி இதுதான். வெயிலில் கண் கூசியது; இடது கண்ணை மூட முடியவில்லை. வாயோரத்தில் எச்சில் இறங்குவது தெரிந்தது. துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

"அய்ய, இது காத்து அறைஞ்ச வாதம்," என்றாள் ஒருத்தி. "அந்த வியாதிலயும் மூஞ்சி இப்டிதான் இஸ்துக்கும், எனக்குத் தெரியும்," என்றாள் இன்னொருத்தி. பெரியதனக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அந்த நோய் வந்த உடம்பில் உணர்ச்சி இருக்காது, குத்திப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்றார். என் மனைவியிடமே ஊசி கேட்டார்கள். அவள் உள்ளே போய்த் தையல் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு கண்தான் மூடியது. இதற்கும் சிரிப்பு எழுந்தது. கடைசியில் அதே கரித் துண்டை என் கண்களைச் சுற்றிக் கட்டினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அரையில் வேட்டியோடு தெரு நடுவில் நின்றேன்.

"குத்துற எடத்துல வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும், இன்னா?" என்றாள் அத்தை.

கன்னத்தில் குத்தினாள். "வலிக்குது," என்றேன். உதடு ஒத்துழைக்காததால் அது பாதி ஊதலாக வந்தது. சத்தமாகச் சொல்லு என்றார்கள். சத்தமாகச் சொன்னேன். காது மடலில் குத்தினாள். வலிக்குது. முழங்கையில், தோளில், தொடையில், கணுக்காலில். ஒவ்வொன்றுக்கும் வலிக்குது, வலிக்குது என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன். யாரிடமும் இன்னது வேண்டும் என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லாதவன், அன்று அத்தனை பேர் நடுவில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒரு விதமான ஆசையே வந்தது. இன்னும் குத்தட்டும், இன்னும் சொல்கிறேன், மகளுக்கு நல்லபடி முடிந்தால் போதும் என்று.

பிறகு ஊசி வரவில்லை. நான் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. ஒரு பெண் 'அம்மாடி' என்று மூச்சு விட்டாள்.

"இன்னா சம்மந்தி, பேச்சக் காணோம்?" அத்தையின் குரல் மாறியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கேயோ குத்தியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. எங்கே என்றும் தெரியவில்லை. ஒருவேளை அந்த வியாதிதானோ? இப்போது சொன்னாலும் நம்பமாட்டார்கள். வாயைத் திறந்தேன்.

"உள்ளங்கையில குத்துனா எப்டித் தெரியும்? கரி வார்ற கை அது. தோல் எவ்ளோ தடிமன்னு பாரு."

என் மகளின் குரல். வீட்டுக்குள் இருக்க வேண்டியவள். பரிசம் போடப்போகும் பெண், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கும்போது முன்னால் வரவே கூடாது.

"நீ உள்ள போம்மே," என்றார் பெரியதனக்காரர்.

"போவ மாட்டேன். அத்தே, இவருக்கு இருந்தா எனக்கும் இருக்கும். ஒரே தட்டுல துன்னுருக்கோம். இந்தா, என்னையும் குத்து. நாளைக்கு உங்க வூட்டுல வந்து குத்திப் பாக்குறதுக்கு, இங்கியே பாத்துடு."

"கைய நீட்டு," என்றாள் அத்தை.

நான் கண்ணிலிருந்து துண்டைப் பிடுங்கி இறக்கினேன். ஊசி என் மகளின் முன்கையில் இருந்தது. எடுத்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் எழுந்து நின்றது. அவள் ஊசியைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் நான் மறைத்து வைத்த முகத்தை, கோணல் வாயும் ஒழுகும் எச்சிலுமாக, நேராகப் பார்த்தாள். அவள் பார்வையில் அருவருப்பு இல்லை. தேடியது கிடைத்தது போலத்தான் பார்த்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள் அத்தை.

"குத்துனா வலிக்காதா? கேக்குற பாரு," என்றாள் மகள்.

அத்தை தன் கையைத் திருப்பி, விரல்களுக்குக் கீழே மஞ்சளாகக் காய்த்துப் போயிருந்த இடத்தில் ஊசியை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். ஊசி நிமிர்ந்து தானாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு மூக்கால் சிரித்தாள்.

"உப்பு வாரின கை. எனக்கும்தான் ஒன்னும் தெரியல. அப்போ எனக்கும் பெருவியாதியா?" என்று பெரியதனக்காரரைக் கேட்டாள். அவர் இருமினார். அவள் ஊசியைப் பிடுங்கி என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். "தண்ணி கொண்டாம்மே. எவ்ளோ நேரமா நிக்க வெச்சிகீற," என்றாள். செம்பை உதட்டில் வைத்தே குடித்தாள், எல்லோரும் பார்க்கும்படி. குழாயடிப் பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

என்னிடம் அவள் போகும்போது சொன்னது இது: "வாதத்த மறைச்சு வெச்சு பெருவியாதின்னு பேர் வாங்குனவன் ஒலகத்துல நீ ஒருத்தன்தான்யா." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் பாதி முகத்தால் சிரித்தேன்.

மறுநாள் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போய், ரோட்டைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டர் என்னைப் புருவத்தைத் தூக்கச் சொன்னார், விசில் அடிக்கச் சொன்னார். முகத்து நரம்பு ஒன்று வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், தூங்கும்போது கண்ணை மூடிக் கட்டிக்கொள், புறாக்களை விட்டுவிடு என்றார். அவ்வளவுதான். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்கூட ஆகவில்லை. அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்ததால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்று போக இருந்தது.

பரிசம் சொன்ன நாளில் நடந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். இடது கன்னத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டால் உதடு ஒட்டும் என்று கண்டுபிடித்திருந்தேன். அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னேன். முதல் தடவை 'பொண்ணு' 'ஹொண்ணு' ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு இளசுகள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். இரண்டாவது தடவை கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது தடவை எல்லோருக்கும் கேட்டது. அத்தை, "போதும் போதும், காது கேக்குது," என்றாள். முகமெல்லாம் சுட்டது எனக்கு. ஆனாலும் உட்காரத் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் அப்பா திருப்பிச் சொல்லித் தட்டை வாங்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

முகம் மெல்ல மெல்ல நேரானது. கூர்ந்து பார்த்தால் இன்றும் இடது உதடு கொஞ்சம் சோம்பலாக இருக்கும். கூச்சம் போகவில்லை. அது என்னோடுதான் போகும். ஆனால் அதை அடக்கம் என்றும் நல்ல குணம் என்றும் நான் எண்ணி வந்ததை நிறுத்திவிட்டேன். யாருக்கும் தொந்தரவு தராமல் ஒதுங்கி வாழ்கிறோம் என்று பெருமை வேறு வைத்திருந்தேன். என் ஒதுங்கலுக்காக ஒருத்தி விடியுமுன் தூரத்திலிருந்து தண்ணீர் சுமந்தாள், ஒருத்தி தெரு நடுவில் கையை நீட்டினாள். நோய் வராமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

மகள் இப்போது திருவொற்றியூரில் இருக்கிறாள். வேலை இல்லாத நாட்களில் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சோறு போடும்போது அவள் முன்கையை என்னை அறியாமல் பார்ப்பேன். ஊசி குத்திய இடத்தில் தழும்பு இருக்காது என்று தெரியும். வளையலுக்கு மேலே, அந்த இடம் எது என்றுகூட இப்போது சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கண் போய்விடும்.

போன தடவை அவள் கவனித்துவிட்டாள்.

"இன்னா நைனா பாக்குற?"

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. நீ கதவை மறித்துக்கொண்டு கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன் என்று ஆரம்பித்திருக்கலாம். குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

அவள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.